முனியம்மாளுக்கு ஒத்துக்காது

“ஒட்டாதேன்னா ஒட்டாதே! கையை எடு சிஸ்டர்!”

முனியம்மாள் போட்ட சத்தம் அந்த ஒரகடம் கம்பெனியின் முதலுதவி அறையைத் தாண்டி பிரஸ் லைன் வரைக்கும் கேட்டது. தகடு கிழித்த விரலில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. பிரித்த பிளாஸ்திரியோடு விழித்தாள் நர்ஸ் சசிரேகா.

“இத ஒட்டினா எனக்கு ஒத்துக்காது. சுத்தி கொப்புளம் கொப்புளமா வரும். தோல் உரியும். பசை இல்லாத கட்டுத்துணி எடு.”

“அது ஸ்டாக் இல்லக்கா.”

“வாங்கி வை.”

சூப்பர்வைசர் தாண்டவராயன் வந்துவிட்டார். “லைன் நிக்குது. இங்க இன்னா கூத்து?”

நர்ஸ் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “மண்ணூர்ல சாணி அள்ளுன கை. இதுக்கு பிளாஸ்திரி ஒத்துக்காதாம்!”

“சாணி ஒத்துக்கும் சார். உங்க பசைதான் ஒத்துக்கல.”

“தோல் வியாதி, அன்ஃபிட்னு எழுதி வூட்டுக்கு அனுப்பிடுவேன், தெரியும்ல?”

“எழுதுங்க. கம்பெனி தகடு கையைக் கிழிச்சுது, கம்பெனி பிளாஸ்திரி தோலை உரிச்சுதுன்னு சேர்த்து எழுதுங்க. கீழ கையெழுத்துப் போடுங்க. லேபர் ஆபீஸ்ல நானே குடுத்துக்கிறேன். பதினோரு வருஷ பர்மனென்ட் சார் நான். ஊதினா பறக்க மாட்டேன்.”

தாண்டவராயன் கொஞ்சம் இறங்கினார். “சரி, மெடிக்கல்ல ஒரு ரோல் வாங்கியாரச் சொல்றேன்.”

“ஒரு ரோலா? அஞ்சு லைன் முதலுதவிப் பெட்டியிலயும் ரெண்டு ரெண்டு வைங்க. என்னை எந்த லைன்ல தூக்கிப் போடுவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?”

“ஒருத்திக்குப் பத்து ரோலா?”

“கட்டு மேல நுழையுற மாதிரி பெரிய கிளவுஸும் வேணும்.”

“உடம்பெல்லாம் திமிரு!”

பத்து ரோலும் வந்தன. கூடவே, வேலையை நிறுத்திச் சண்டை போட்டதாக ஒரு மெமோவும். முனியம்மாள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

‘ஒரு விரலுக்கு இவ்ளோ ஆட்டமா?’ என்று லைனே முணுமுணுத்தது.

சாப்பாட்டு நேரம். பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒரு பெண் காத்திருந்தாள். கவியா. திருநெல்வேலிப் பக்கம், ட்ரெய்னியாகச் சேர்ந்து இரண்டே மாதம். முனியம்மாளைப் பார்த்ததும், துப்பட்டாவுக்குள் ஒளித்துவைத்திருந்த கையை நீட்டினாள். மணிக்கட்டில் பிளாஸ்திரி அளவுக்குச் சதுரமாகத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

முனியம்மாள் அதைக் கழுவித் துடைத்து, கட்டுத்துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு பெஞ்சில் சாய்ந்து, காலைக் கடித்துக்கொண்டிருந்த சேஃப்டி ஷூவைக் கழற்றினாள்.

அவள் குதிகாலில் மூன்று நாள் பிளாஸ்திரி ஒன்று, அழுக்கேறி, ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“யக்கா! ஒங்களுக்கு ஒண்ணுமே செய்யலியே?”

“கத்தாதடி. ட்ரெய்னி நீ கேட்டிருந்தா அன்ஃபிட். நான் கேட்டதால வெறும் மெமோ.”