மழையைப் பற்றிப் பேசலாம்

"லோர்னா, மழை வரும்போல இருக்கு" என்றான் வெண்டல்.

சாப்பாட்டு மேஜையில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே உட்கார்ந்திருந்த வக்கீல் பெர்னிஸ் யோசித்தாள். "மழையைப் பத்திப் பேசலாம்."

"மழை வந்தா வயசானவங்க வெளிய வர..." என்று தொடர்ந்தான் வெண்டல்.

"அதுக்கு மேல பேசக் கூடாது! வக்கீலா சொல்றேன்."

ஆப்பிள் கேக்கோடு எட்டிப் பார்த்த டாட்டி பதறினாள். ஃப்ளோரிடாவிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். "சாப்பிடற இடத்துலயுமா வக்கீல்? விட்டுக்கொடுத்துப் போங்கப்பா, பாவம்!"

அப்போது டிவியில் வாக்குப்பதிவு முடிந்தது என்றார்கள். பெர்னிஸ் நிம்மதியாகக் கேக்கை வெட்டினாள். "இனி ரெண்டு பேரும் என்ன வேணா பேசிக்கோங்க."

வெண்டல் பாய்ந்து லோர்னாவைக் கட்டிக்கொண்டான். டாட்டி திருதிருவென விழித்தாள்.

"விவாகரத்தெல்லாம் இல்லம்மா" என்றாள் பெர்னிஸ். "இவர் மேயர் தேர்தல்ல நிக்கறார். இவங்க, அவருக்காகத் தனியா செலவு பண்ணி விளம்பரம் போடற குழுவோட தலைவி. ரெண்டு பேரும் பிரசாரத்தைக் கலந்து பேசக் கூடாதுன்னு சட்டம். நான் காவல்."

லோர்னா பூரித்தாள். "என் விளம்பரம் எப்படி? 'நமக்குப் பாலம் தந்த வெண்டல்!'"

"அடியே, பாலம் தந்தது இப்ப இருக்கற மேயர், என்னை எதிர்த்து நிக்கறவர்! அதைச் சொல்ல முடியாம ஒரு மாசமாத் தவிச்சேன்."

"போட்டோவுல ரிப்பன் முன்னாடி கத்திரிக்கோலோட நின்னது நீதானே?"

"அவருக்கு எடுத்துக் கொடுக்கத்தான் நின்னேன்!"