நடைக்கு ஒரு கியர்

விசுவமடுவில் தங்கள் வயலோரம், பாலை மரத்தின் கீழ், நடுவில் பிரித்துப் போட்டிருந்த பழைய உழவு இயந்திரத்தின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பொருத்தி, இளையதம்பி கடைசி நட்டை முறுக்குகிறான். இடையில் ஒரு துணைக் கியர்பொக்ஸ் புதிதாக உட்கார்ந்திருக்கிறது. காற்றில் கிரீஸ் மணக்கிறது. மரத்தில் செண்பகம் ஒன்று விடாமல் கத்துகிறது. மனைவி நேசமலர் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள். கண்ணிவெடி எடுத்து முடிந்த நிலம் என்றுதான் இந்த வயலைக் கொடுத்தார்கள். போன மாரியில் பக்கத்துக் காணியில் கலப்பை பட்டு ஒன்று வெடித்தது. அதற்குப் பிறகு, கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்தபடி ஒருவர் முன்னே நடக்காமல் இங்கே யாரும் உழுவதில்லை. ஆனால் இந்த இயந்திரத்தின் முதல் கியர்கூட இளையதம்பியின் நடைக்கு வேகம் அதிகம்; அதை இன்னும் குறைக்கத்தான் இந்தத் துணைக் கியர்பொக்ஸ். “நான் முன்னால போறன். நீங்கள் ஓட்டுங்கோ,” என்கிறாள் நேசமலர். அவன் கம்பியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்குகிறான். “விசர்க்கதை கதையாதை. உனக்கு ரெண்டு கால் கிடக்கு. எனக்குப் போறதுக்கு ஒண்டுதானே.” அவள் புதிய கியரைப் போட்டுக் கிளச்சை விடுகிறாள். எஞ்சின் இரைகிற இரைச்சலுக்குச் சில்லு உருள்வதே தெரியவில்லை. இந்த வேகத்தில் அவன் நடப்பதை அவளால் முழுதாகப் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு முறையும் அவன் பொய்க்காலைத்தான் முதலில் எடுத்து வைக்கிறான். அதை அழுத்தி ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் கொடுத்து, கொஞ்சம் நிற்கிறான். பிறகு, அது பதிந்த அதே இடத்தில் நல்ல காலை வைக்கிறான்.