சமநிலைக்கு ஒரு மெழுகுதிரி

ஹார்ன் பாலத்தடியிலேயே தொடங்கிவிட்டது.

நிறுத்தாமல், ஒரே நீட்டாக. வென்று வரும் பஸ் அப்படித்தான் ஊருக்குள் நுழையும். தோற்ற பஸ் சத்தமில்லாமல் வந்து, கோயிலடியில் பெடியன்களை இறக்கிவிட்டுப் போய்விடும்.

பிறகு சீனவெடி. கோயில் மணியும் அடித்தது.

ஒழுங்கையில் எல்லோரும் ஓடினார்கள். பக்கத்து வீட்டு மெற்றில்டாக்கா ஒரு செருப்போடு ஓடினாள்.

இவள் மட்டும் ஓடவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தை இன்னொரு பையால் சுற்றி, சூட்கேஸின் மூலையில் வைத்து அழுத்தினாள்.

மிளகாய்த்தூள் வைத்தாயிற்று. பனங்கட்டி வைத்தாயிற்று.

நாடு முழுக்க விளையாடிய உதைபந்துக் கிண்ணம். அதை இந்த ஊர் வென்றுவிட்டது. நேற்றுப் பின்னேரமே தெரியும்.

இனி அவள் புருஷன் கட்டாருக்கு வேலைக்குத் திரும்பிப் போவான்.

தை மாதம் லீவில் வந்தவன். பங்குனியில் திரும்பியிருக்க வேண்டும். கழகத்துக் கோல் காப்பாளன் வள்ளம் தள்ளும்போது மணிக்கட்டை முறித்துக்கொண்டதால், கழகத்தார் வந்து இவனைக் கேட்டார்கள். ஒரேயொரு போட்டிக்கு நிற்கச் சொன்னார்கள். விலகல் முறைப் போட்டி. தோற்றால் அன்றோடு சரி.

தோற்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு முன்னால் அவன் போனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான். கம்பனியோடு வெகுநேரம் பேசினான். காற்றில் சட்டை ஊதிக்கொண்டு நின்றதை அவள் குசினி வாசலில் நின்று பார்த்தாள். திரும்பி வந்து, கிண்ணம் முடியும்வரை லீவு தந்திருக்கிறார்கள் என்றான்.

அதன் பிறகு அவன் கம்பனிக்குப் பேசியதாக அவளுக்குத் தெரியாது. அதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே.

அன்று தொடங்கியது அந்தோனியாருக்கு மெழுகுதிரி.

ஒவ்வொரு வெற்றியும் அவளுக்குச் சில வாரங்கள். பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவள், போட்டி நாட்களில் யாருக்கும் முன்னால் கோயிலில் நின்றாள். இவளுக்கு உதைபந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பெண்கள் சிரித்தார்கள்.

இரண்டாம் சுற்றில் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும்போது பேய்மழை. போட்டியை நிறுத்தி, அடுத்த ஞாயிறு முதலிலிருந்து விளையாட வைத்தார்கள். அவளுக்கு இன்னொரு வாரம் கிடைத்தது.

சமமாக நின்றால் திரும்ப விளையாடுவார்கள். விளையாட்டில் அவள் விளங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

வீட்டில்தான் இருந்தான். என்றாலும் முழுதாக இல்லை.

கூரை ஏறாத புது வீட்டின் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவான். அப்படியே குழாயைப் பிடித்தபடி நின்றுவிடுவான். கேட்டால், ஒன்றுமில்லை என்பான். பந்து யோசனையாக்கும் என்று விட்டுவிடுவாள்.

மெற்றில்டாக்காவின் போனில் ஒருமுறை அரையிறுதியைப் பார்த்தாள். கோல் விழுந்ததும் பத்துப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். மைதானத்தின் இந்தத் தொங்கலில், கோல் கம்பத்தடியில், அவன் மட்டும். தனக்குத்தானே இரண்டு தரம் கைதட்டினான். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள்.

இறுதிப் போட்டிக்கு என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வென்றாலும் போய்விடுவான்.

தோற்றாலும் போய்விடுவான்.

மெழுகுதிரி கையிலேயே வழிந்தது. கடைசியில் கேட்டுவிட்டாள். யாரும் வெல்ல வேண்டாம், யாரும் தோற்க வேண்டாம்.

அந்தோனியார் கேட்டதைத் தந்தார். ஒன்றுக்கு ஒன்று.

அவள் மெல்ல மூச்சுவிட்டாள். அடுத்த ஞாயிறுக்குக் கணவாய் வாங்கலாம் என்று நினைத்தாள். ஆனால் போனைச் சுற்றி இருந்த ஒருவரும் எழும்பவில்லை. பெனால்டி அடிக்கப் போகிறார்கள் என்றார்கள். திரும்ப விளையாட மாட்டார்களா என்று அவள் கேட்டாள்.

மெற்றில்டாக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது மழைக்கடி, விசரி. இது பைனல். ஆர் எண்டு இண்டைக்கே தெரியவேணும்."

கடைசிப் பந்தை அவன் வலப்பக்கம் பாய்ந்து பிடித்தான்.

ஊர் துள்ளியது. அவளையும் யாரோ கட்டிப்பிடித்து முத்தமிட்டார்கள்.

இப்போது ஹார்ன் நின்று, பறையும் பாட்டும் கேட்டன. கிண்ணத்தைக் கோயிலைச் சுற்றிக் கொண்டுபோகிறார்கள்.

அவன் பின்பக்கத்தால் வந்தான். கடற்கரை வழி. தனியாக.

கழுத்தில் பதக்கம் இல்லை. சட்டைப் பையிலிருந்து அதன் நாடா தொங்கியது. புது வீட்டுக்கென்று அடுக்கியிருந்த கல்லின்மேல் உட்கார்ந்தான்.

அவள் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அழக் கூடாது என்று விடியலிலிருந்து பழகி வைத்திருந்தாள். குரல் நடுங்காமல் சொன்னாள். எல்லாம் கட்டியாயிற்று. தன்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். அடுத்த முறை வரும்போது கூரையைப் போட்டுவிடலாம்.

கோயிலடியில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். லம்பேட், லம்பேட் என்று. தூக்கிக்கொண்டு போக ஆளைத் தேடுகிறார்கள்.

அவன் எழும்பவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

கம்பனி எப்போது வரச் சொல்லியிருக்கிறது என்று கேட்டாள்.

அவன் தேநீரைப் பார்த்தபடியே சொன்னான்.

"என்ர இடத்துக்கு அங்க வேற ஆளைப் போட்டிட்டாங்கள். ரெண்டாம் சுற்றுக்கு முன்னமே."