ஒத்துப்போகாத விவரம்

ஷட்டரைப் பாதிவரை இழுத்துவிட்டு, அதை ஒட்டியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார் வெல்டர். விசா ஆபீஸ்காரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

“ஐயா, வழியை விடுங்க. நான் சாப்பிடப் போகணும்.”

“போகலாம். இந்த ஷட்டரை மாட்டினவனே நான்தான். நான் தூக்காம இது ஏறாது. மொதல்ல உட்காரு.”

அவள் உட்கார்ந்தாள். வெல்டர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டாவது தடவையும் விசா கிடையாது என்று வந்த கடிதம்.

“இதுல என்ன போட்டிருக்குன்னு நேத்து சொன்ன?”

“பேப்பர் பத்தலைன்னு.”

“மூணு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். ‘மனைவியைப் பத்தி நீங்க தந்த விவரமும் எங்ககிட்ட இருக்கிற விவரமும் ஒத்துப்போகலை’ன்னு படிக்கிறான். அதை ஏம்மா முழுங்கின?”

அவள் பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

வெல்டருக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அதனாலேயே யாரையும் லேசில் நம்பமாட்டார். விண்ணப்பம் பதினாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டபிறகுதான் கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்துப் பொய் இருக்கக் கூடாது என்று, கல்யாணப் போட்டோவைக்கூடச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர்.

மருமகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று மகன் வீட்டுக்குப் போன மனைவி, மூன்று வருடமாகத் திரும்பவில்லை. பேரன் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்கிறானாம். ஞாயிறு தோறும் போனில் வருவாள். பேச்சு நடுவில் அங்கே யாராவது கதவைத் தட்டினால் போதும், “அப்புறம் பேசுறேன்” என்று டக்கென்று வெட்டிவிடுவாள். அத்தனை தூரம் போயும் இவளுக்குக் கூச்சம் போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மகனைக் கேட்டால், “அவசரப்படாதீங்கப்பா, நான் பார்த்துக்கறேன்” என்பான். பார்த்துப் பார்த்தே மூன்று வருடம் ஓடிவிட்டது. கடைசியில் அவனிடம் மூச்சு விடாமல் வெல்டரே விண்ணப்பம் போட்டார். பேரனின் பிறந்தநாளன்று வாசலில் போய் நின்று மணியடிக்க வேண்டும். அதற்காக ஒரு மூன்று சக்கர சைக்கிளைத் தன் கையாலேயே பற்றவைத்து, பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி கழற்றி மாட்டும்படி செய்து வைத்திருந்தார்.

“என் சம்சாரத்துக்கு மொத தடவையே கெடைச்சுது. அதுவும் அங்கயே தங்குறதுக்கு.”

“அது வேற விசா, ஐயா. தனியா கிடக்கிற பெத்தவங்களைப் பிள்ளைங்க கூட்டிக்கிறது.”

“எந்த விசாவோ! அதே பையன், அதே வீடு. எனக்கு மட்டும் தள்ளிவிடுறான்னா யார் வேலை சுத்தமில்ல?”

“என் வேலைதான். ஏதோ தப்பா அடிச்சிட்டேன். இதோட விட்டுடுங்க, ஐயா.”

தொழில் செய்கிறவள் இத்தனை சுலபமாகத் தப்பை ஒத்துக்கொண்டால் அதற்கு அடியில் வேறு எதுவோ கிடக்கிறது. வெல்டர் சாய்ந்து உட்கார்ந்தார்.

“தப்பா அடிச்சா திருத்தி அடி. அப்பீல் போடு.”

“வேணாம், ஐயா.”

“நீ போடலைன்னா நானே தூதரகத்துல போய் நிக்கிறேன். எது ஒத்துப்போகலை, எம் பொண்டாட்டி ஃபைலை எடுத்துக் காட்டுங்கன்னு கேக்குறேன்.”

அவள் எழுந்தே விட்டாள். “அதை மட்டும் செஞ்சிடாதீங்க. ஃபைலைத் தோண்டினா அவங்களைத்தான் திருப்பி அனுப்புவாங்க. உங்க பையனுக்கும் ஆபத்து.”

“மிரட்டுறியா? நாப்பது வருஷமா நெருப்புக்கு நேரா மூஞ்சியைக் காட்டினவன்மா நான்.”

“மிரட்டலை. நீங்க தாங்கமாட்டீங்கன்னு மறைச்சேன்.”

“அது என்னோட கவலை. எடு.”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்தாள். “நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க பையன்கிட்ட பேசினேன். அம்மாவோட பழைய விண்ணப்பத்தைக் கேட்டேன். மொதல்ல மழுப்பினார். அப்புறம் அனுப்பிட்டார்.” திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

வெல்டர் கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். எல்லாம் வேற்று மொழி எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. அடியில் மட்டும் தமிழில் ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“அவ போட்டதுதான். எங்க போட்டாலும் இப்படித்தான், கோட்டுக்குள்ள நிக்காது. இதுல என்னம்மா குத்தம்?”

“கையெழுத்துல குத்தமில்லை, ஐயா.”

“அப்ப அதுக்கு மேல இருக்கே, அந்த வரியைப் படி. இந்தத் தடவை எதையும் முழுங்காம படி.”

அவள் திரும்பவும் பேனா மூடியை எடுத்தாள், கீழே வைத்துவிட்டாள்.

“ ‘கணவர் இறந்துவிட்டார்’னு எழுதியிருக்காங்க, ஐயா.”