'விடு' என்ற அட்டை

சிட்டுவை அவள் அப்பா பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தார். லாரிக்கு மூட்டை ஏற்றும் கைகள். பதின்மூன்று வயதுப் பெண்ணால் திமிர முடியவில்லை. பல்லை நறநறவென்று கடித்தாள்.

அவளுக்குப் பயிற்சி தரும் நான் தாளும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்திருந்தேன். வாசலில் பள்ளித் தாளாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இன்றைய சோதனையில் ஒரு கடி விழுந்தாலும் சிட்டு வெளியூர் விடுதிக்குப் போகவேண்டியதுதான். அந்த இடத்தை அவள் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

சிட்டுவுக்குப் பேச்சு கிடையாது. ஆறு வாரமாக ஒரே ஓர் அட்டையைத்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். விரிந்த கையின் படம் போட்டது. 'விடு' என்று அர்த்தம். இடுப்புப் பட்டையில் ஒட்டியிருக்கும். அதை யாரிடம் நீட்டுகிறாளோ அவர் அந்த நொடியே பிடியை விட்டுவிட வேண்டும்.

ஏனென்றால் என் தாளில் நாற்பது கடிகள் இருந்தன. அதில் முப்பத்தேழு, அவளை யாராவது பிடித்திருந்தபோது விழுந்தவை.

அவள் அப்பா இதை நம்பவில்லை. பிடித்தால்தான் அடங்குவாள் என்பார். வாரத்துக்கு ஒரு கடி வாங்காவிட்டால் தனக்குச் சோறு இறங்காது என்று சிரிப்பார்.

இப்போது சிரிக்கவில்லை.

சிட்டு குனிந்தாள். அவர் முன்கைக்கு நேராக வாய் திறந்தது.

தாளாளர் ஓரடி முன்னால் வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

அவள் விரல்கள் இடுப்பைத் தடவின. அட்டையைப் பிய்த்தாள். மடங்கிய கையால் அவர் முகவாய்வரை தூக்கினாள்.

"விடுங்கண்ணே" என்றேன்.

விட்டார்.

சிட்டு நேராக ஜன்னலுக்குப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தாளில் பூஜ்யம்.

தாளாளர் பெருமூச்சு விட்டார். பிறகு அவள் அப்பா பக்கம் திரும்பினார்.

"அப்ப மூணு வருஷமா நீதான்யா புள்ளையக் கடிக்க வெச்சிருக்கே."

அவள் அப்பா தழும்பேறிய முன்கையைத் தடவிக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

நான் குனிந்து, தாளில் இருந்த பூஜ்யத்தின்மேல் மறுபடியும் பேனாவை ஓட்டினேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று, மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் அந்தப் பிடியை அவருக்குச் செய்தே காட்டினேன். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பினேன்.