மாயக்காள் வந்தாகணும்

"மாயக்காள் வந்தாத்தான் நான் காருல ஏறுவேன்" என்றார் சுந்தரராஜ்.

ஆபரேஷனுக்குப் புறப்படுகிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? பைபிளும் பிளாஸ்க்குமாகப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தேவகிருபை சடாரென்று இறங்கிவிட்டாள்.

"எந்த மாயக்காள்?"

"நம்ம கடையில ஏலக்காய் பொறுக்குனவதான்."

"போன மாசம் நீங்களே வேலையைவிட்டு விரட்டுனீகளே, அவளா?"

"அவளேதான்."

"அவ எதுக்கு? முப்பத்தோரு வருசம் குடும்பம் நடத்துன நான் இருக்கேன். பெத்த பிள்ளை இருக்கான்."

"நீங்க ரெண்டு பேரும் அழுகத்தான் லாயக்கு. அவதான் வரணும்."

எதிர் வீட்டு ஸ்வீட்டி, துவைத்த ஒரே சேலையை மூன்றாவது தடவையாகக் கொடியில் காயப்போட்டாள். இப்படி ஒரு சங்கதி போடிநாயக்கனூரில் தினமும் கிடைக்குமா?

மகன் ஜெபகுமார் தலையில் அடித்துக்கொண்டான். அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். நாளை மறுநாள் சென்னையில் ஆபரேஷன். வெட்டியெடுக்கும் கட்டியில் ஒரு துண்டை லேபுக்கு அனுப்பி, அதிலிருக்கும் கோளாறுகளைப் படித்து, அவர் ஒருவருக்கு மட்டுமே பொருந்துகிற எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி தயாரிப்பார்களாம். நோய் திரும்பி வராமல் இருக்க.

"இன்னும் சோதனை அளவிலதான் இருக்கு. உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா ஒன்றுக்கு நாலு தடவை சொல்லிவிட்டார். சுந்தரராஜ் எல்லாத் தாளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மனுஷனுக்கு அந்த ஊசி ஒன்றுதான் நம்பிக்கை.

"அப்பா, வெரசா கெளம்பணும்ப்பா. லேட்டானா பெட்டு போயிரும்."

"அப்ப வெரசா போயி அவளக் கூட்டிட்டு வா."

மாயக்காள் இப்போது போடிமெட்டில் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாள். ஜெபகுமார் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி இறங்கித் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை தேவகிருபை புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெபம் மட்டும் பண்ணினாள். அதுவும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி.

"ஆண்டவரே, இந்த வயசுல இந்த மனுசனுக்கு ஏன் இந்தப் புத்தி?"

தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் மாயக்காள் காரிலிருந்து இறங்கினாள்.

"அம்மா, நானா ஒண்ணும் வரல. தம்பி கையைப் பிடிச்சுக் கெஞ்சுச்சு, வந்தேன்."

"உனக்கும் அவருக்கும் நடுவுல என்னடி இருக்கு?"

"சண்டைதான் இருக்கு. வேற என்னத்த இருக்கப்போகுது?"

ஸ்வீட்டிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"மாயக்கா, உக்காரு" என்றார் சுந்தரராஜ். பத்தொன்பது வருஷம் அவரிடம் வேலை பார்த்தவள். ஒருநாளும் அவளை உட்காரச் சொன்னதில்லை. தேவகிருபைக்குச் சந்தேகம் மறுபடி மூண்டது.

"மொதலாளி, சோலி கெடக்கு. சொல்லுங்க."

"எனக்குப் பயமா இருக்கு மாயக்கா. வயித்தக் கிழிக்கிறதுக்கு இல்ல. கட்டியில இருந்து சாம்பிள் எடுப்பாகளாம்ல, அதுக்குத்தான்."

"சாம்பிளா?"

"ஆமா. நோவு இருக்குற எடத்துல இருந்து எடுத்தாத்தான் அந்த ஊசிக்கு நோவை அடையாளம் காட்ட முடியுமாம். எடுக்குறவன், கம்பெனிக்குப் போறதாச்சேன்னு பாக்க நல்லா இருக்குற துண்டா பாத்து அனுப்பிட்டான்னு வையி, என் கதி என்ன? ஊசி எதுக்கோ தயாராகி வரும். நோவு பாட்டுக்கு அடியில கெடக்கும். நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கணும்."

ஜெபகுமாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்பா, ஆபரேஷன் தியேட்டருக்குள்ள இவுங்கள எப்படி விடுவாங்க? டாக்டருங்கல்லாம் படிச்சவங்க. சரியாத்தான் எடுப்பாங்க."

"நானும் பி.காம். படிச்சவன்தான்டா!" என்று சீறினார் சுந்தரராஜ்.

தேவகிருபைக்கு மூச்சு சீராக வந்தது. அட, இவ்வளவுதானா! வீணாக ஆண்டவரை மூன்று மணி நேரம் தொந்தரவு பண்ணியாகிவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"ஏங்க, சாம்பிள் பாக்கத் தெரிஞ்ச ஆளுதான வேணும்? கடையில பதினாறு பொம்பளைக காய் பொறுக்குறாக. எல்லாரும் கம்பெனிக்கு அனுப்புற ஏலக்காய்க்கு சாம்பிள் கட்டுறவுகதான். அதுல ஒருத்தியக் கூட்டிட்டுப் போனா என்ன? இவளுக்காக மலைக்குக் காரு போகணுமா?"

சுந்தரராஜ் கார் கதவைத் திறந்தார், மூடினார். மாயக்காள் இருந்த பக்கம் மட்டும் அவர் கண் போகவே இல்லை.

"சொல்லுங்க, இவதான் வேணும்னு என்ன பிடிவாதம்?"

"அந்தப் பதினாறு பேரும் நான் சொல்றபடி, நல்ல காயாப் பொறுக்கி சாம்பிள் கட்டுறவுக கிருபை. மூட்டையில சொத்தை கெடந்தா சாம்பிள்லயும் சொத்தை இருக்கணும்னு என்கிட்டயே மல்லுக்கு நின்னவ இவ ஒருத்திதான். அதுக்காகத்தானே இவள வேலையைவிட்டு விரட்டுனேன்!"