கேட்டில் நின்ற நல்ல சேதி

"வண்டியைப் பின்னால எடு தம்பி. கேட்டுக் கம்பி ஏறாது."

கரகோல் கல்லூரி வாயிற்காவலர் மெலிஸ் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார். எர்மெக் மினிபஸ்ஸின் இன்ஜினைக்கூட அணைக்காமல் குதித்து ஓடி வந்தான்.

"அஞ்சே நிமிஷம் அண்ணே. எங்க மாமியாரைப் பாக்கணும். கணக்கு டீச்சர் புரூல். போனை எடுக்கவே மாட்டேங்கிறாங்க."

"எப்படி எடுப்பாங்க? இன்னிக்கு வாத்தியார் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் பயிற்சி. போனையெல்லாம் கூடையில வாங்கி வெச்சாச்சு. பசங்களுக்கு ஒரு நியாயம், வாத்தியாருக்கு ஒரு நியாயமா?" மெலிஸ் கூண்டுச் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த தாளைத் தட்டினார். "இதைப் பாத்தியா? முற்றத்துல வெளி வண்டி நிக்கக் கூடாது. அட்டை இல்லாம கட்டடத்துக்குள்ள போகக் கூடாது. பயிற்சி நடக்கறப்ப யாரும் குறுக்க வரக் கூடாது. மூணையும் நீ ஒருத்தனே செய்யப் பாக்குறே."

எர்மெக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"எனக்குக் குழந்தை பிறந்திருக்கு அண்ணே!"

மெலிஸின் முகம் மலர்ந்துவிட்டது. கூண்டை விட்டு இறங்கி வந்து அவனைக் கட்டிப் பிடித்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!"

"என் பொண்டாட்டி மீரிமுக்கு, டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முந்தியே வலி வந்துடுச்சு. அம்மா பதறுவாங்க, சொல்லாதேன்னுட்டா. இப்ப நான்தான் முதல்ல போய்ச் சொல்லணும். சூயுஞ்சு கேக்கணும்."

நல்ல சேதியை முதலில் கொண்டு வருகிறவர் 'சூயுஞ்சு!' என்று கத்தினால் போதும். கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் அப்போது மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டாவதாக வருகிறவருக்கு ஒரு கோப்பை டீ கிடைக்கும்.

"என்ன கேக்கப் போறே? ஆடா, கம்பளமா?"

"அதெல்லாம் வேண்டாம்ணே. கல்யாணமாகி மூணு வருஷமாச்சு. பொண்ணு எஞ்சினியரைக் கட்டுவாள்னு இருந்தாங்க, நான் வந்து சேர்ந்தேன். இன்னும் என்னை 'டிரைவர் தம்பி'ன்னுதான் கூப்பிடுறாங்க. ஒரு தடவை 'மாப்பிள்ளை'ன்னு கூப்பிடுங்கன்னு கேக்கப் போறேன்." எர்மெக் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். "டீ நேரத்துல போனைத் திருப்பிக் குடுத்துட்டா எல்லாம் போச்சு. ஆஸ்பத்திரியில என் மச்சினி போனும் கையுமா உக்காந்திருக்கா."

"ம்... ஆளுக்கொரு ஆசை. என் வீட்டுக்காரி ஒரு சால்வை கேட்டு ரெண்டு குளிர்காலம் போயிடுச்சு." மெலிஸ் பெருமூச்சு விட்டார். "சரி, ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன். வந்த காரணத்தை விவரமாச் சொல்லு. ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"எடை?"

"எடை எதுக்குண்ணே?"

"கேப்பாங்கப்பா. இப்ப எல்லாமே புது நடைமுறை."

"மூணு கிலோ எண்ணூறு."

"அடேயப்பா! யாரு ஜாடை?"

"மூக்கு மட்டும் அப்படியே எங்க மாமியார்." பெருமையாகவும் கொஞ்சம் பயமாகவும் சொன்னான்.

மெலிஸ் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினார். வெளியே வந்ததும் கை காட்டினார். "வண்டியைக் கேன்டீனுக்குப் பின்னால விட்டுட்டு வா. இனிமே வெளி வண்டிக்கு அங்கதான் இடம்."

கேன்டீனுக்குப் பின்னால் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. சக்கரம் புதைந்தது. ஒருவழியாக வண்டியை நிறுத்திவிட்டு முழங்கால்வரை சேற்றோடு ஓடி வந்தவனைப் பூட்ஸைத் துடைக்கச் சொன்னார் மெலிஸ். பிறகு தற்காலிக அட்டையைத் தேடினார். மேல் இழுப்பறையில் இல்லை. கீழ் இழுப்பறையிலும் இல்லை. கடைசியில் அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

எர்மெக் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவினான். பயிற்சி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"சூயுஞ்சு!"

யாரும் திடுக்கிடவில்லை. எல்லோரும் ஏற்கெனவே கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் புரூல் டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாள். மேசைமேல் டீக் கோப்பைகளில் ஆவி பறந்தது.

எர்மெக்கின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. இனி கேட்பதற்கு அவனுக்கு எதுவும் இல்லை.

புரூல் டீச்சர் நேராக அவனிடம் வந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள்.

"மூணு கிலோ எண்ணூறாமே! மூக்கு வேற என்னுதாமே, பாவம் குழந்தை! ஏன் இப்படி மரம் மாதிரி நிக்கறீங்க? வாங்க மாப்பிள்ளை, என் பேத்திகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க."

மாப்பிள்ளை. எர்மெக் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். படியிறங்கும்போதுதான் கேட்கத் தோன்றியது.

"அத்தை, உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"டீ போடுற சைராகுல். நேரத்துக்கு முன்னாடியே டீயைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா, வாசல்லேர்ந்தே 'சூயுஞ்சு'ன்னு கத்திக்கிட்டு."

வண்டி கேட்டுக்கு வந்ததும் கம்பி தானாக உயர்ந்தது. கூண்டின் கண்ணாடியில் சைராகுல் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் புரூல் டீச்சரின் நீலச் சால்வை.

"என் வீட்டுக்காரிக்கு எடுப்பா இருக்குல்ல?" என்றார் மெலிஸ். சுவரில் இருந்த தாளின் அடியை மறைத்துக்கொண்டிருந்த நாட்காட்டியை மெல்ல நகர்த்தினார். "அப்புறம் தம்பி, இந்த விதியெல்லாம் வர்ற திங்கக்கிழமையிலேர்ந்துதான்."